வினைமுதலா, செயப்படுபொருளா? ஷேக்ஸ்பியரின் ஹீரோவும் செயலின்மை என்னும் குற்றச்சாட்டும்

முன்னுரை

இன்பியல் நாடகங்களின் பெண்பாத்திரங்களை இரு வகைப்படுத்திக் காண்பது திறனாய்வில் நெடுங்காலமாக நிலவும் வழக்கமாகும். சொல்வன்மையாலும் துணிவாலும் கதையைத் தானே நடத்திச் செல்பவள் ஒரு வகையினள். பிறர் வகுத்த வழியில் நடந்து, நாடக முடிவில் மணக்கோலத்தில் நிற்பவள் மற்றொரு வகையினள். முன்னவள் போற்றப்படுகிறாள், பின்னவள் 'செயலற்றவள்' என்னும் ஒற்றைச் சொல்லால் சுட்டப்பட்டு ஒதுக்கப்படுகிறாள். வில்லியம் ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' என்னும் நாடகத்தில் வரும் ஹீரோ இவ்வாறு ஒதுக்கப்பட்டவர்களுள் ஒருத்தி.

ஒருவரைச் செயலற்றவர் என்று கூறுவது வெறும் விளக்கம் அன்று. அது ஒரு மதிப்பீடு. தீங்கிழைக்கப்பட்டவரைக் குறித்து அச்சொல்லை ஆளும்போது, அவர் எதிர்த்திருக்கலாம், எதிர்க்கவில்லை என்னும் குறிப்பும் அதனுள் வந்து சேர்கிறது. ஆகவே, ஹீரோ செயலற்றவளா என்னும் வினா பாத்திரப்படைப்புப் பற்றிய வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. துன்புற்றவரை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் அறவியல் வினாவாகவும் விரிகிறது. அவ்வினாவை நாடகப் பனுவலின் அகச்சான்றுகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடகமும் அதன் வரவேற்பும்

1598, 1599 ஆகிய ஆண்டுகளை ஒட்டி இயற்றப்பட்டதாகக் கருதப்படும் இந்நாடகம் 1600இல் தனி நூலாக அச்சேறியது; 1623இல் வெளிவந்த முதற் பெருந்தொகுப்பிலும் இடம்பெற்றது. கதை நிகழும் இடம் சிசிலித் தீவின் மெசினா நகரம். அந்நகரின் ஆளுநர் லியொனாட்டோவின் ஒரே மகள் ஹீரோ. அவளுடன் வளர்பவள் உறவுப்பெண்ணாகிய பியாட்ரிஸ். போரிலிருந்து மீண்ட அரசகுமரன் டான் பெட்ரோவும் அவன் தோழர்களான கிளாடியோ, பெனடிக் ஆகியோரும் ஆளுநரின் விருந்தினராகத் தங்குகின்றனர். ஹீரோவின்பால் காதலுறும் கிளாடியோவுக்காக டான் பெட்ரோவே முகமூடி அணிந்து அவளிடம் பேசி மண இசைவைப் பெற்றுத் தருகிறான். டான் பெட்ரோவின் மாற்றுடன்பிறந்தானாகிய டான் ஜான் அம்மணத்தைக் கெடுக்கச் சூழ்கிறான். மணநாளுக்கு முந்தைய இரவில், அவனுடைய ஆளாகிய பொராச்சியோ ஹீரோவின் சாளரத்தருகே பணிப்பெண் மார்கரெட்டுடன் உரையாடுகிறான். அவளையே ஹீரோ என்று நம்பிய கிளாடியோ, மறுநாள் திருக்கோயிலில் மணச்சடங்கின் நடுவே ஹீரோவை இழித்துரைத்து மறுக்கிறான்.

மணமகளின் பெயர் குறித்து ஒன்று கூறுதல் வேண்டும். கதைத்தலைவன் என்னும் பொருளில் தமிழில் வழங்கும் 'ஹீரோ' என்னும் சொல்லை இங்குக் கருதலாகாது. கிரேக்கத் தொன்மத்தில் லியாண்டர் என்பவனின் காதலியாக வருபவளின் பெயர் இது. தன்னைக் காணக் கடலை நீந்தி வந்த காதலன் அலையில் மாண்டபோது தானும் உயிர்நீத்தவள் அவள். கிறிஸ்தபர் மார்லோ அக்காதலர் கதையைப் பொருளாகக் கொண்டு இயற்றிய நெடும்பாடல் 1598இல் அச்சாயிற்று. எனவே, அக்கால அரங்கினருக்கு இப்பெயர் மாறாக் காதலின் அடையாளமாக ஒலித்திருக்கும். அப்பெயரே திருக்கோயிலில் அவளுக்கு எதிரான படைக்கருவியாக மாற்றப்படுகிறது என்பது பின்னர்ப் புலப்படும்.

இந்நாடகத்தின் வரவேற்பு வரலாற்றில் ஹீரோ தொடர்ந்து பின்னுக்குத் தள்ளப்பட்டுள்ளாள். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தம்மிடமிருந்த தொகுப்பில், இந்நாடகத் தலைப்பின் அருகே பெனடிக், பியாட்ரிஸ் ஆகியோரின் பெயர்களைத் தம் கையால் எழுதிவைத்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் எக்தர் பெர்லியோஸ் 1862இல் அரங்கேற்றிய இசைநாடகம் அவ்விருவரின் பெயரையே தலைப்பாகப் பெற்றது. ஹீரோ அவதூறுக்கு ஆளாகும் கதைப்பகுதி அதில் அறவே நீக்கப்பட்டது. நாடகத்தின் அறச்சிக்கல் முழுவதும் எந்தப் பெண்ணைச் சுற்றி அமைந்துள்ளதோ, அவளுடைய துன்பத்தை அகற்றிவிட்டும் கதையைச் சுவைக்க முடியும் என்று கருதப்பட்டமைக்கு இது சான்றாகும்.

ஹீரோவினும் ஆழ்ந்த மௌனத்தில் மறைந்தவள் ஒருத்தியும் இந்நாடகத்தில் உண்டு. 1600ஆம் ஆண்டுப் பதிப்பின் முதற்காட்சிக்குரிய அரங்கக் குறிப்பில் லியொனாட்டோவின் மனைவியாக இன்னோஜென் என்னும் பெயர் காணப்படுகிறது. இரண்டாம் அங்கத் தொடக்கத்திலும் மனைவி என்னும் குறிப்பு வருகிறது. ஆனால் அவளுக்கு ஒரு சொல்லும் இல்லை. அவளைப் பற்றியும் எவரும் பேசுவதில்லை. 1733இல் லூயிஸ் தியோபால்டு தம் பதிப்பிலிருந்து அப்பெயரை நீக்கினார். பின்வந்த பதிப்பாசிரியர் பலரும் அதனையே பின்பற்றினர். சொல்லே இல்லாத பாத்திரத்தைப் பதிப்பாசிரியர் நீக்கினர். குறைந்த சொற்களையுடைய பாத்திரத்தைத் திறனாய்வாளர் செயலற்றவள் என்றனர். இரு முடிவுகளுக்கும் அளவுகோல் ஒன்றே: பேச்சின் அளவு.

செயலின்மை என்பதன் பொருள்

அவ்வளவுகோல் போதுமானதா என்பதை அறியச் செயலின்மை என்னும் கருத்தையே முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளல் தகும். செய்தல், செயப்படுதல் ஆகிய இரண்டையும் அரிஸ்டாட்டில் தம் பத்துப் பொருள்வகைகளுள் தனித்தனியே வைத்தார். தமிழ் இலக்கணமும் வினைமுதலையும் செயப்படுபொருளையும் வேறுபடுத்துகிறது. ஆயினும் தமிழ் வினைச்சொற்களின் இயல்பை உற்றுநோக்கினால் இவ்விரண்டும் முற்றிலும் எதிரெதிரானவை அல்ல என்பது விளங்கும். செயப்பாட்டுவினையை ஆக்கும் 'படு' என்னும் துணைவினையே ஆசைப்படு, பெருமைப்படு, பாடுபடு முதலிய சொற்களிலும் அமைந்துள்ளது. ஆசைப்படுபவர் ஓர் உணர்வுக்கு ஆட்படுகிறார்; எனினும் அத்தொடரின் எழுவாய் அவரே. பாடுபடுதல் துன்பத்தை ஏற்றலும் ஆகும், உழைத்தலும் ஆகும். ஒன்றுக்கு ஆட்படுதலும் ஒன்றைச் செய்தலும் ஒரே மனிதரிடத்தில் ஒரே நேரத்தில் நிகழக்கூடியவை என்பதை இவ்வழக்குகள் உணர்த்துகின்றன.

இதனடிப்படையில் மூன்று நிலைகளைப் பிரித்தறியலாம். முதலாவது, செயல்புரிய விழைவே இல்லாத நிலை. இரண்டாவது, விழைவும் ஆற்றலும் இருந்தும் வாய்ப்பு மறுக்கப்பட்ட நிலை. மூன்றாவது, ஒருவர் செயல்புரிந்தும் அச்செயல் செயலாக ஏற்கப்படாத நிலை. புறத்திலிருந்து காண்போர்க்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் முதல் நிலைக்கு அம்மனிதரின் இயல்பே காரணம். மற்ற இரண்டிற்கும் சூழலே காரணம். ஹீரோவைச் செயலற்றவள் என்போர் அவளை முதல் நிலையில் வைக்கின்றனர். பனுவல் அவளை வேறிடத்தில் வைக்கிறது.

தந்தையின் முன்னும் தோழியரின் நடுவிலும்

முதற்காட்சியில் ஹீரோ ஒரே ஒரு முறை பேசுகிறாள். அதுவும் பியாட்ரிஸின் கேள்வி யாரைப் பற்றியது என்று தூதனுக்கு விளக்குவதற்காக. இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில், மணம் பற்றிய செய்தியில் அவள் தந்தை சொற்படி நடப்பாள் என்ற நம்பிக்கையைச் சிற்றப்பன் அன்டோனியோ வெளியிடுகிறார். அதற்கு விடை கூறுபவள் பியாட்ரிஸ்: தந்தையின் விருப்பம் என்று பணிவது கடமைதான், ஆனால் மணமகன் அழகனாக இல்லாவிட்டால் மீண்டும் ஒருமுறை பணிந்து, தன் விருப்பம் இது என்று சொல்லிவிட வேண்டும் என்று நகையாடுகிறாள். அரசகுமரன் மணம் வேண்டினால் என்ன விடை கூறவேண்டும் என்பதைத் தந்தை முன்பே சொல்லிவைத்துள்ளார். அதனையும் இங்கு நினைவூட்டுகிறார். இவை எதற்கும் ஹீரோ மறுமொழி கூறுவதில்லை. அரசகுமரனுக்கு உரியதாகச் சொல்லித்தரப்பட்ட இசைவு, சிறிது நேரத்தில் கிளாடியோவுக்கு உரியதாக மாற்றப்படும்போதும் அவளிடம் எவரும் கேட்பதில்லை. இப்பகுதிகளை மட்டும் நோக்குவோர்க்கு அவள் செயலற்றவளாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் அதே காட்சியின் முகமூடி நடனத்தில், தன்னுடன் ஆடுபவனுக்கு ஹீரோ நிபந்தனை விதிக்கிறாள். மென்மையாக நடந்து, இனிமையாக நோக்கி, வாய்பேசாதிருந்தால் உடன் நடப்பதாகக் கூறுகிறாள். அழைத்துச் செல்ல இசைவாயா என்று கேட்டவனுக்குத் தனக்குத் தோன்றும்போது அதைச் சொல்வதாக விடையிறுக்கிறாள். உறையைப் போலவே உள்ளிருக்கும் யாழும் அழகற்றதாக இருந்துவிடக்கூடாதே என்று அவன் முகமூடியை எள்ளுகிறாள். ஆணை மௌனமாக இருக்கச் சொல்லும் பெண்ணாக அவள் இங்கு விளங்குவது குறிப்பிடத்தக்கது. முகம் மறைந்த இடத்தில் அவளுடைய நா அவிழ்கிறது.

மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சி இன்னும் வலுவான சான்றாகும். பெனடிக் தன்னைக் காதலிப்பதாகப் பியாட்ரிஸை நம்பவைக்கும் திட்டத்தை அங்கு நடத்துபவள் ஹீரோ. மார்கரெட்டை ஏவுகிறாள், உர்சுலாவுக்குப் பேசவேண்டியவற்றைக் கற்பிக்கிறாள், மறைந்து கேட்கும் பியாட்ரிஸின் செருக்கைக் கூர்மையாகத் திறனாய்வு செய்கிறாள். அறிவும் அழகும் உடைய ஆடவரையும் தலைகீழாக்கிக் காட்டிப் பழிப்பவள் அவள் என்கிறாள். அவளிடம் இதனை நேரில் சொல்லத் துணிந்தால் தன்னை ஏளனத்தாலேயே கொன்றுவிடுவாள் என்றும் கூறுகிறாள். அக்காட்சியில் மிகுதியாகப் பேசுபவள் அவளே. தன் திட்டத்தால் பிறர் இருவரின் வாழ்வை மாற்றியமைப்பவளும் அவளே. பியாட்ரிஸ் காதலில் விழுவது பெருமளவுக்கு ஹீரோவின் செயல்.

இக்காட்சியில் ஹீரோ கூறும் ஒரு கருத்து முழு நாடகத்திற்கும் திறவுகோலாகத்தக்கது. பெனடிக்கின் காதலை மாற்றுவதற்காகப் பியாட்ரிஸ்மீது தீங்கற்ற சில அவதூறுகளைப் புனையலாம் என்றும், ஒரு தீச்சொல் அன்பை எவ்வளவு நஞ்சாக்கும் என்பதை எவரும் அறியார் என்றும் அவள் விளையாட்டாகச் சொல்கிறாள். அவதூறின் ஆற்றலை நாடகத்தில் முன்னரே எடுத்துரைப்பவள் அவதூறால் வீழ்த்தப்படப் போகும் பெண்ணே. சொல்லைக் கருவியாகக் கையாள அவளுக்கும் தெரியும். அக்கருவி யார் கையில் எவ்வளவு வலிமை பெறும் என்பதே வேறுபாடு.

மணநாட் காலையிலும் இத்தன்மையைக் காணலாம். கழுத்தணித் துணி குறித்து மார்கரெட் மாற்றுக் கருத்துக் கூறும்போது, பியாட்ரிஸும் மார்கரெட்டும் அறிவிலிகள் என்றும், தான் தேர்ந்ததையே அணிவதாகவும் ஹீரோ முடிவாகச் சொல்கிறாள். மார்கரெட்டின் இரட்டைப் பொருட்பேச்சைக் கண்டிக்கிறாள். காரணம் புலப்படாமல் தன் நெஞ்சம் கனப்பதாகவும் கூறுகிறாள். விழைவு, தேர்வு, கண்டிப்பு, முன்னுணர்வு ஆகிய யாவும் அவளிடம் உள்ளன. எனவே, செயல்புரிய விழைவே இல்லாதவள் என்னும் முதல் நிலை அவளுக்குப் பொருந்தாது.

திருக்கோயில் விசாரணை

நான்காம் அங்கத்தின் முதற்காட்சியே ஹீரோவின் செயலின்மைக்குப் பெருஞ்சான்றாகக் காட்டப்படுவது. குற்றம் சாட்டப்படுகிறாள், மயங்கி விழுகிறாள், பிறர் அவளைக் காப்பாற்றுகின்றனர் என்று அக்காட்சி சுருக்கப்படுகிறது. பனுவலை வரிசையாக நோக்கினால் வேறொன்று தெரிகிறது. கிளாடியோ முதலில் பழிக்கும்போது, தான் எப்போதேனும் அவனிடம் வேறுவிதமாக நடந்துகொண்டதுண்டா என்று அவள் கேட்கிறாள். அவன் மேலும் இழித்துரைக்கும்போது, இவ்வாறு பிதற்றுவதற்கு அவன் உடல்நலம் குன்றியுள்ளானா என்று வினவுகிறாள். உண்மையாக விடையளிக்குமாறு தந்தையே ஆணையிட்டதும், இது எத்தகைய விசாரணை என்று அவ்விசாரணையின் முறைமையையே கேள்விக்கு உட்படுத்துகிறாள். அவளுடைய பெயருக்கு உண்மையாக விடை கூறச் செய்வதற்கே என்று கிளாடியோ சொல்ல, அப்பெயருக்கு நேர்மையான பழி சுமத்தக்கூடியவர் யார் என்று கேட்கிறாள். ஹீரோ என்னும் பெயரே ஹீரோவின் ஒழுக்கத்தை மாசுபடுத்தும் என்று அவன் விடையளிக்கிறான். கிரேக்கக் காதலியின் பெயர் இவ்வாறு அவளுக்கு எதிராகத் திருப்பப்படுகிறது.

நேற்றிரவு சாளரத்தில் பேசிய ஆடவன் யார் என்ற நேர்க்கேள்விக்கு, அந்த நேரத்தில் எவருடனும் பேசவில்லை என்று அவள் தெளிவாக மறுக்கிறாள். அம்மறுப்பே அவள் கன்னியல்லள் என்பதற்குச் சான்றாக டான் பெட்ரோவால் கொள்ளப்படுகிறது. ஒப்புக்கொண்டால் குற்றவாளி, மறுத்தால் பொய்யும் சொல்லும் குற்றவாளி. எவ்விடையும் விடுதலைக்கு வழிவகுக்காத அமைப்பில் நிறுத்தப்பட்டவள் அவள். எனினும் தன்னை நோக்கி எழுந்த பழிக்கெல்லாம் அவள் வாய் திறக்கிறாள். அதன் பின்னரே மயங்குகிறாள்.

மயக்கம் தெளிந்தபின் பாதிரியார் அவளிடம் அந்த ஆடவன் யார் என்று கேட்கிறார். குற்றம் சாட்டியவர்களுக்கே அது தெரியும், தனக்கு எவனையும் தெரியாது என்று ஹீரோ கூறுகிறாள். மெய்ப்பிக்கும் கடமை குற்றம் சாட்டியோரைச் சாரும் என்னும் நீதிநெறி இதில் அடங்கியுள்ளது. தொடர்ந்து தந்தையை நோக்கி, தான் பொருந்தாத வேளையில் ஆடவனுடன் பேசியது உண்மையென மெய்ப்பிக்கப்பட்டால் தன்னைத் துறக்கலாம், வெறுக்கலாம், வதைத்துக் கொல்லலாம் என்று அறைகூவுகிறாள். செயலற்ற ஒருத்தியின் பேச்சாக இதனைக் கொள்ளுதல் அரிது.

ஷேக்ஸ்பியர் மூலக்கதையில் செய்த மாற்றமும் இங்குக் கருதத்தக்கது. 1554இல் வெளிவந்த மத்தேயோ பண்டெல்லோவின் கதையிலும் மெசினாவே களம். அங்கே மணமகன் தூதன் வழியாக மறுப்பைச் சொல்லியனுப்புகிறான். பழித்தவன் பெண்ணின் முகத்தை நோக்க நேர்வதில்லை. ஷேக்ஸ்பியர் அம்மறுப்பைத் திருக்கோயிலுக்குள் கொண்டுவந்தார். இதனால் அவமானம் பெருகியது உண்மையே. அதே வேளையில் பழித்தவர்களின் முகத்தெதிரே பேசும் இடமும் பெண்ணுக்குக் கிடைத்தது. அவள் பேசினாள் என்பதையும் அப்பேச்சு பயன்படவில்லை என்பதையும் அரங்கினர் நேரே காண்கின்றனர்.

ஏற்கப்படாத சொல்

பேசியும் அது பயன்படாமைக்குக் காரணம் யாது? 1962இல் நூலாக வெளிவந்த தம் சொற்பொழிவுகளில் ஜே.எல். ஆஸ்டின், சொல்லுதலும் ஒரு செயலே என்று விளக்கினார். அச்செயல் நிறைவுறுவதற்குக் கேட்போர் அதனை இன்ன செயல் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். இக்கருத்தைப் பெண்களின் நிலைக்குப் பொருத்திய ரே லாங்டன் 1993இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் சொற்களை ஒலித்தும் அச்சொற்கள் செய்ய வேண்டிய செயல் நிகழாமற்போவதும் வாயடைப்பின் ஒரு வகையே என்று காட்டினார். 2007இல் மிராண்டா ஃபிரிக்கர், கேட்போரின் முற்சாய்வால் ஒருவரின் சான்றுக்கு உரிய நம்பகத்தன்மை மறுக்கப்படுவதை அறிவுசார் அநீதியின் ஒரு வகையாக வரையறுத்தார். ஹீரோவின் மறுப்பு மறுப்பாக ஏற்கப்படாமல் குற்றத்தின் தொடர்ச்சியாகக் கொள்ளப்படுவது இவ்விளக்கங்களுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். மேற்கூறிய மூன்றாம் நிலை இதுவே.

அவளுடைய முகத்தைப் படித்தவர்களின் முடிவுகளும் இதனை உறுதிப்படுத்துகின்றன. அவள் முகம் சிவந்ததைக் குற்றவுணர்வின் அடையாளம் என்கிறான் கிளாடியோ. அதில் குற்றக்கதை அச்சிடப்பட்டிருப்பதாகக் கருதுகிறார் தந்தை. மாசற்றவளின் நாணம் வந்து வந்து மறைவதைக் கண்டதாகக் கூறுகிறார் பாதிரியார். முகம் ஒன்றே, பார்வைகள் வேறு. முதலிருவரும் முடிவை முன்பே கொண்டு முகத்தை நோக்கினர். பாதிரியாரோ நெடுநேரம் பேசாதிருந்து அவளைக் கவனித்தார். நாடகத் தலைப்பில் 'ஒன்றுமின்மை' என்று பொருள்படும் சொல் அக்கால ஒலிப்பில் 'கவனித்தல்' என்னும் பொருளுடைய சொல்லோடு நெருங்கியிருந்தது என்பர். அவ்வகையில், பிழையாகக் கவனித்தலால் எழுந்த ஆரவாரமே இந்நாடகம்.

குறை ஹீரோவின் இயல்பில் இல்லை என்பதற்குப் பியாட்ரிஸே சான்று. நாவன்மை மிக்க அவள் அதே இடத்தில் நிற்கிறாள். ஹீரோ அவதூறுக்கு உள்ளாகியிருக்கிறாள் என்று உறுதியாகச் சொல்கிறாள். ஓராண்டாக ஒரே படுக்கையில் உறங்கியவர்கள், முந்தைய இரவு மட்டும் பிரிந்திருந்தனர் என்று அவள் கூறிய உண்மையும் குற்றத்தை உறுதிப்படுத்தும் சான்றாகவே லியொனாட்டோவால் கொள்ளப்படுகிறது. பின்னர் அவள் தான் ஆணாகப் பிறக்கவில்லையே என்று வெகுண்டு, கிளாடியோவைக் கொல்லுமாறு பெனடிக்கை வேண்டுகிறாள். செயலூக்கம் மிக்கவளாகப் போற்றப்படுபவளும் அங்கே ஓர் ஆடவனின் கையை நாட வேண்டியிருந்தது. செயலின்மை ஹீரோவின் தனிக்குறையாக இருந்திருப்பின், பியாட்ரிஸின் சொல் முடிவை மாற்றியிருக்க வேண்டும், அது மாற்றவில்லை.

காவலர் தலைவன் டாக்பெரியின் நிலையும் ஒப்புநோக்கத்தக்கது. பொராச்சியோ தன் சூழ்ச்சியைக் கூறியதை ஒட்டுக்கேட்டு அவனைப் பிடித்துவைத்த காவலரின் தலைவனாக, மணத்திற்கு முன்பே அவன் லியொனாட்டோவின் வாயிலில் வந்து நிற்கிறான். அவனுடைய குழறுபடியான பேச்சைப் பொறுத்துக் கேட்க ஆளுநருக்கு நேரமில்லை. உண்மை அவ்வீட்டு வாயில்வரை வந்தும் கேட்கப்படாமல் திரும்பியது. தாழ்ந்த நிலையினன் என்பதால் ஒருவன் கேட்கப்படவில்லை. பெண் என்பதால் ஒருத்தி நம்பப்படவில்லை. அரசகுமரர் இருவர் பொய் சொல்வார்களா, அவளை நேசித்துக் கண்ணீர் சிந்திய கிளாடியோ பொய் சொல்வானா என்று லியொனாட்டோ கேட்கும் கேள்வி, நம்பகத்தன்மை எதன் அடிப்படையில் பங்கிடப்பட்டது என்பதை வெளிப்படையாக்குகிறது.

இந்நாடகத்தைக் கண்ட லண்டன் மக்களின் வாழ்விலிருந்தும் ஒரு செய்தியைச் சேர்க்கலாம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒழுக்கம் பற்றிய அவதூறுக்கு எதிராகப் பெண்கள் பெருந்தொகையில் திருச்சபை நீதிமன்றங்களை நாடினர் என்பதை லாரா கௌவிங் 1996இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியுள்ளது. பழிச்சொல்லை எதிர்த்தல் அக்காலப் பெண்கள் அறியாத ஒன்றன்று. முறையான விசாரணையில் பழித்தவர் விடை கூற வேண்டியிருந்தது. இந்நாடகத் திருக்கோயிலிலோ பழிக்கப்பட்டவளே விடை கூற நேர்ந்தது. அம்முரண் அரங்கினருக்குப் புலப்படாதிருந்திருக்காது.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு வலுவான எதிர்வாதங்கள் இரண்டு உள்ளன. முதலாவது, இறந்ததாகச் செய்தி பரப்பும் பாதிரியாரின் திட்டத்திற்கு ஹீரோ ஒரு சொல்லும் கூறாமல் உடன்படுகிறாள் என்பது. அத்திட்டம் தோற்றால் அவளைத் துறவியர் வாழ்வில் மறைத்துவிடலாம் என்றும் அவர் கூறுகிறார். அவளுடைய எதிர்காலம் அவளை வைத்துக்கொண்டே பிறரால் முடிவு செய்யப்படுகிறது. இதனைச் செயல் என்று வாதிடுவது மிகையாகும். அவள் உடன்பட்டாள் என்று சொல்வதைவிட, உடன்படாமலிருக்க அவளுக்கு வேறிடம் இல்லை என்று சொல்வதே பொருந்தும். இது முன்கூறிய இரண்டாம் நிலை. அவளைச் செயலூக்கம் உடையவளாகக் காட்டும் ஆர்வத்தில் இந்நிலையை மறைப்பது, அவளுக்கு இழைக்கப்பட்ட தீங்கையே மறைப்பதாகிவிடும்.

இரண்டாவது, தன்னை இழிவுபடுத்திய கிளாடியோவையே அவள் மணக்கிறாள் என்பது. இதனை மன்னிப்பு என்று போற்றுவோர் உளர்; அடிமைத்தனம் என்று பழிப்போரும் உளர். மன்னிப்பு அறமாவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் ஒறுத்தலையும் பொறுத்தலையும் எதிர்நிறுத்துகிறது. ஒறுக்கவும் இயலும் நிலையில் பொறுப்பதே பொறை என்னும் கருத்தை அதனின்று பெறலாம். ஹீரோவுக்கு ஒறுக்கும் வாய்ப்பு நாடகத்தில் வழங்கப்படவில்லை. கிளாடியோ மன்னிப்பை வேண்டுவதும் லியொனாட்டோவிடமே; அவளிடம் நேரே அவன் வேண்டுவதில்லை. கேட்கப்படாத மன்னிப்பை அவள் வழங்கினாள் என்பதும் வழங்கவில்லை என்பதும் பனுவலை மீறிய கூற்றுகளாகும்.

ஆயினும் இறுதிக்காட்சியில் அவள் பேசுவது கூர்ந்து நோக்கத்தக்கது. முகத்திரையை விலக்கிய ஹீரோ, தான் உயிரோடிருந்தபோது அவனுடைய முன்னைய மனைவி என்றும், அவன் காதலித்தபோது தன்னுடைய முன்னைய கணவன் என்றும் இறந்தகாலத்தில் பேசுகிறாள். மாசுற்ற ஒரு ஹீரோ இறந்துவிட்டாள் என்றும், தான் உயிர்வாழ்வது எவ்வளவு உறுதியோ அவ்வளவு உறுதியாகத் தான் கன்னி என்றும் அறிவிக்கிறாள். திருக்கோயிலில் ஏற்கப்படாத அதே சான்றை அதே கூட்டத்தின்முன் அவள் மீண்டும் சொல்கிறாள். இம்முறை அது ஏற்கப்படுகிறது. அவள் சொல் மாறவில்லை, கேட்போரே மாறினர். தொடர்ந்து, பியாட்ரிஸ் பெனடிக்குக்கு எழுதிய காதல் மடலை அவள் பையிலிருந்து தான் எடுத்துவைத்திருந்ததை வெளிப்படுத்தி, அவர்களின் மணத்தை உறுதியாக்குகிறாள். நாடகத்தில் அவளுடைய கடைசிப் பேச்சு இதுவே. தன் மணத்தில் கிடைக்காத இடத்தைப் பிறர் மணத்தில் அவள் எடுத்துக்கொள்கிறாள்.

சாளரக் காட்சியை ஷேக்ஸ்பியர் அரங்கில் காட்டவில்லை என்பதும் இத்துடன் எண்ணத்தக்கது. கிளாடியோ கண்டதை அரங்கினர் காண்பதில்லை. ஹீரோ கூறுவதை அவர்கள் கேட்கின்றனர். 1993இல் கென்னத் பிரானா இயக்கிய திரைப்படம் அக்காட்சியைக் காட்டியது. அதனால் கிளாடியோவின் மயக்கத்தைப் புரிந்துகொள்வது எளிதாயிற்று. மூலப்பனுவலோ அவ்வெளிமையை அவனுக்கு வழங்கவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் ஹீரோ செயலற்றவள் அல்லள் என்பது பெறப்படுகிறது. அவள் மறைவான கிளர்ச்சிக்காரி என்பதும் பெறப்படவில்லை. தோழியரிடையே திட்டமிட்டுச் செயல்புரியும் ஆற்றல் உடையவள். தந்தையின் முன் அவ்வாற்றலுக்கு இடமற்றவள். திருக்கோயிலில் பேசியும் தன் பேச்சு செயலாக ஏற்கப்படாதவள். இம்மூன்றையும் 'செயலின்மை' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது, சூழலின் குறையை மனிதரின் இயல்பாகப் பதிவு செய்வதாகும்.

கிளாடியோவும் லியொனாட்டோவும் ஹீரோவின் முகத்தை நோக்கியவாறே திறனாய்வும் அவளுடைய குறைந்த சொற்களை நோக்கியுள்ளது. முடிவை முன்பே கொண்டு சான்றைப் படித்துள்ளது. துன்புற்றவர் உரக்கக் கூவினாரா, எதிர்த்தாரா, எத்தனை முறை மறுத்தார் என்று அளந்து அவருடைய உண்மையை மதிப்பிடும் வழக்கம் நாடக அரங்கோடு முடிந்துவிடுவதன்று. ஹீரோவின் கதையில் அவளைக் காத்தது பாதிரியாரின் கவனிப்பும், அறிவற்றோர் எனக் கருதப்பட்ட காவலரின் கேள்விச்செல்வமும் ஆகும். பாதிரியார் அவளை மேலும் பேசச் செய்ததன் மூலம் அவளது உண்மையைக் கண்டறியவில்லை. தாம் பேசாதிருந்து அவளை நோக்கியதன் மூலமே கண்டறிந்தார். ஒருவர் செயலற்றவரா என்று வினவுவதற்கு முன், அவருடைய செயலைச் செயலாக ஏற்பதற்கு அங்கே யாரேனும் இருந்தனரா என்று வினவுதலே அறவியல் நோக்கில் முதற்கடமையாகும்.